கொழும்பான் கொட்டகை

மருதந்துறைக்குப் பிளேக் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷத்தில் அந்த ஊரில் ஒருவர்கூடப் பிளேக்கினால் சாகவில்லை. ஊர்ச் சுகாதாரக் கமிட்டி இதைத் தன் வருஷ அறிக்கையின் முதல் வரியாக எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறது. அந்த வரியில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. கமிட்டியைப் பற்றி ஊரில் பல பேர் பலவிதமாகச் சொல்வார்கள். ஆனால் எடுத்த காரியத்தை முடிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. முத்துமாலைகூடச் சொல்ல மாட்டான்.

அந்த வருஷம் கொழும்பில் பிளேக் கண்டது. மருதந்துறை, திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவே தாமிரபரணியின் வடகரையில் இருக்கிற ஊர். வீட்டுக்கு ஒருவர் இலங்கைத் தேயிலை மலையில் இருந்தார்கள். அங்கிருந்து கடுதாசி வந்தால் முன்பெல்லாம் தெருவே கூடி வாசிக்கக் கேட்கும். பிளேக் சேதி வந்த பிறகு கடுதாசியை இடுக்கியால் பிடித்து, சாம்பிராணிப் புகையில் காட்டி, எழுத்துத் தெரிந்த ஏமாளி எவனிடமாவது தூரத்தில் நின்று நீட்டினார்கள். கடுதாசியைப் புகையில் காட்டிவிடலாம். ஆளே வந்து நின்றால் என்ன செய்வது? அந்தக் கவலையில் பிறந்ததுதான் கமிட்டி.

தலைவர் தில்லைநாயகம் பிள்ளை. ஆற்றுப் பாசனத்தில் நூறு கோட்டை விதைப்பாடும், பட்டம் ஒன்று கிடைக்காத குறையும் உள்ளவர். பாளையங்கோட்டையில் இருந்த சகலபாடிக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம் வாங்க வேண்டுமானால் ஊருக்கு ஒரு நன்மை செய்திருக்க வேண்டும். நன்மை செய்ய வேண்டுமானால் ஊருக்கு முதலில் ஒரு தீமை வர வேண்டும். பிளேக்கை அவர் சாமி கொடுத்த வரமாகவே எடுத்துக்கொண்டார். கமிட்டியில் அவரைத் தவிர ஐந்து பேர். மூன்று பேர் மைத்துனர்மார், ஒருவர் சம்பந்தி, இன்னொருவருக்குக் காது கேளாது. தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின.

ஆற்றுக்குத் தென்கரையில் மயானத்தை ஒட்டிப் புறம்போக்கு மணல் கிடந்தது. கமிட்டி அதில் பனையோலைக் கொட்டகை ஒன்று போட்டு, சுற்றிலும் கம்பு நட்டு, இடுப்பளவு உயரத்தில் கயிறு கட்டியது. ஏட்டில் அதன் பெயர் சுகாதார விடுதி. ஊர் வைத்த பெயர் கொழும்பான் கொட்டகை. இலங்கையிலிருந்து வருகிற எவனும் பத்து நாள் அந்தக் கயிற்றுக்குள் இருந்து, நோயில்லை என்று சீட்டு வாங்கிய பிறகுதான் ஊருக்குள் கால் வைக்கலாம்.

ஆனி மாதம் மூன்றாம் வாரத்தில் ஒரு தகரப் பெட்டியோடு முத்துமாலை அங்கே வந்து சேர்ந்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி செத்துப்போக, நாலு வயசு மகள் கோமுவைத் தங்கை அன்னத்தாயிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியவன். அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவ்வளவு காலமும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான். இப்போது கோமுவுக்குப் பதினாறு. அன்னத்தாயின் மகனுக்கே அவளைக் கொடுப்பதென்று பேசி, ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். பெற்றவன் வந்து கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று தங்கை எழுதச் சொல்லிக் கடுதாசி வந்ததும் கிளம்பிவிட்டான். பெட்டியில் மகளுக்கு ஒரு சேலை இருந்தது. அரக்குச் சிவப்பு. அட்டன் கடையில் அதை எடுக்கும்போது பெண் என்ன உயரம் என்று கடைக்காரன் கேட்டான். முத்துமாலைக்கு நாலு வயசு கோமுவைத்தான் தெரியும். கையைத் தன் இடுப்புக்கு நேரே காட்டினான், அப்புறம் வெட்கப்பட்டு, அவ ஆத்தா உயரம் இருப்பா என்று சொல்லி வைத்தான்.

கொட்டகைக்குப் பொறுப்பு சுகாதார இன்ஸ்பெக்டர் வேதநாயகம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து வந்த இளவட்டம். சட்டங்களை பைபிள் சங்கீதம் போல மனப்பாடமாகச் சொல்லுவார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளை ஒரு வரி எழுதினால் போதும், அவர் வீட்டுக்குப் போகலாம். அவர் அச்சடித்த பாரத்தை விரித்து, எந்த ஊர் என்று கேட்டார்.

“மருதந்துறைதான் ஐயா. அந்தா ரெண்டு தென்னை தெரியுதுல்லா, அதுக்குப் பொறத்தால உள்ள கூரைதான் என் தங்கச்சி வீடு.”

வேதநாயகம் திரும்பிப் பார்த்தார். ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு தென்னையும் கூரையும் அவன் சொன்ன இடத்தில் சரியாகவே இருந்தன. பார்த்துவிட்டு, கொழும்பு என்று எழுதினார். எங்கிருந்து வருகிறாய் என்பதற்குத்தான் பாரத்தில் இடம் இருந்தது, எந்த ஊர்க்காரன் என்பதற்கு இல்லை.

கொழும்பை ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி, அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று முத்துமாலை சொன்னான். தூத்துக்குடித் துறைமுகத்தில் அக்குளையும் தொடையிடுக்கையும் அமுக்கிப் பார்த்துக் கொடுத்த பிளேக் பாஸ்போர்ட்டையும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினான். அது சர்க்கார் சீட்டு, இது கமிட்டிக் கொட்டகை என்று வேதநாயகம் வருத்தத்தோடு விளக்கினார்.

இது முத்துமாலைக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இலங்கையில் இறங்கியபோதும் இப்படித்தான் ஒரு முகாமில் அடைத்து மருந்துத் தண்ணீரை ஊற்றினார்கள். காலராவை இந்தியாக் கூலிதான் கொண்டுவருகிறான் என்று அங்கே சொன்னார்கள். இந்த வருஷம் பிளேக் கண்டபோதும் இந்தியா அரிசிக் கப்பலில்தான் வந்தது என்று சொல்லி, கடைத்தெருவில் அவனைக் கண்டால் விலகி நடந்தார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே கொழும்பான். நடுவில் கப்பலில் கழிந்த ஒரு பொழுதுதான் அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை, அப்போதும் அவன் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தான்.

அடுத்தது துணி. தாலுகாவிலிருந்து ஒரு தகர டின் நிறைய மருந்து வந்திருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் உப்புக்கல் போல இருக்கும். வாந்திபேதிக் காலத்தில் கிணற்றில் போடுவதற்கென்று வருஷா வருஷம் வருகிற மருந்து, அதனால் கிணற்று மருந்து என்றே பெயர். கொழும்பான்களின் துணியையெல்லாம் அதில் நனைப்பதென்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. இது கிணற்றுக்கு வந்ததாயிற்றே என்று வேதநாயகம் அன்றைக்கே கேட்டிருக்கிறார். பிள்ளை சிரித்துவிட்டாராம்.

“கிணறு எங்கவே ஓடிப் போகுது? கொழும்பான்லா ஓடிருவான். முதல்ல அவன் துணியை முக்கும்.”

முத்துமாலையின் சேலையைத் தொட்டியில் முக்கினார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக இருந்தது. சேலை காய்ந்தபோது சிவப்பின் மேல் ஒரு பழுப்பு ஏறியிருந்தது. ஒருதரம்தானே, துவைத்தால் போய்விடும் என்று தலையாரி ஐயம்பெருமாள் தேறுதல் சொன்னான். கயிற்றுக்குக் காவல் அவன்தான். ஊர்ச்சேதி, சோற்றுச் சட்டி, வெற்றிலை எல்லாம் அவன் கைவழியாகத்தான் வரும்.

மறுநாள் விடிந்ததும் அக்கரையில் பெண்கள் தண்ணீருக்கு வந்தார்கள். ஆனிச் சாரலில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மேல்காற்று வேறு, கூப்பிட்டால் குரலைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். அக்கரையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி தன் மகள் என்று முத்துமாலைக்குத் தெரியும், எவள் என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஐயம்பெருமாள் ஓடத்தில் போய் அன்னத்தாயிடம் சொல்லிவிட்டு வந்தான். அதற்கடுத்த நாள் காலையில் அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் பித்தளைக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வெயிலில் குடம் பளிச்சென்றது. முத்துமாலை மேல்துண்டைச் சுழற்றிச் சுழற்றி வீசினான். அன்றிலிருந்து தினமும் அதுதான் தகப்பனும் மகளும் பேசிக்கொண்ட பேச்சு.

பத்து நாள்தானே என்று அவனும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் அசன் மைதீன் வந்தார். குலசேகரன்பட்டினத்துக்காரர், கொழும்பில் ஜவுளிக்கடை, மருதந்துறையில் பெண் எடுத்தவர். நல்ல மனுஷன், வந்தவுடன் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். ஆனால் அவர் கயிற்றுக்குள் வந்த அடுத்த நிமிஷம் வேதநாயகம் பேரேட்டைத் திறந்து முத்துமாலையின் பெயருக்கு நேரே ஏழு என்ற எண்ணை அடித்துவிட்டு ஒன்று போட்டார். விதி அப்படி. கடைசியாக எப்போது வெளியாள் ஒருவனோடு சேர்ந்திருந்தானோ அதிலிருந்து பத்து நாள். புதிதாக ஒருவன் வந்து கலந்தால் பழைய எண்ணிக்கை செல்லாது. துணிகளையும் மறுபடி முக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. ஆகையால் கொட்டகைக்குள் ஒருவன் போகலாம், வெளியே வர முடியாது. இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்கக் கமிட்டிக்கு நேரமில்லை. கண்டுபிடித்த முத்துமாலைக்குச் சொல்ல ஆளில்லை.

அசன் மைதீன் மிகவும் வருத்தப்பட்டார். நான் வந்து உம்ம தலையில மண்ணைப் போட்டுட்டேனே என்றார். புதிய எண்ணிக்கையில் ஒன்பதாம் நாள் வேறொரு தோட்டத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வந்து சேர்ந்தபோது அவரும் முத்துமாலையும் சேர்ந்தே மறுபடி ஒன்றாம் நாளுக்குப் போனார்கள், அதிலிருந்து சிநேகிதர்களானார்கள். சேலை மூன்றாம் முறை தொட்டிக்குள் போய் வந்தது. இப்போது அது ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தின் அடி போல இருந்தது.

மூன்றாம் முறை எண்ணிக்கையில் ஐந்தாம் நாள், மேலதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு தில்லைநாயகம் பிள்ளையே எழுந்தருளினார். ஓடத்தில் நாற்காலி போட்டு வந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பேசலாம் என்று வேதநாயகம் சொல்லிப் பார்த்தார். அதிகாரிக்குத் தம்முடைய தைரியம் தெரிய வேண்டாமா? பிள்ளை கயிற்றைத் தூக்கச் சொல்லி, குனிந்து உள்ளே வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கமிட்டி அங்கத்தினர் கை தட்டினார்கள். காது கேளாதவர் கொஞ்சம் முன்னதாகவே தட்டிவிட்டார்.

“இந்த விடுதியைச் சிலர் சிறை என்று சொல்லுகிறார்கள். சிறைக்குப் போகிறவன் குற்றம் செய்திருக்க வேண்டும். இங்கே இருப்பவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள் என்பதை நான் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வந்தாரை வரவேற்கிற ஊர் நம் ஊர். வந்தவர்கள் ஊருக்குள் வராமல் இருக்கும்வரை அந்த வரவேற்பில் ஒரு குறையும் நேராது. இவர்களும் இங்கே பிறந்தவர்கள்தானே என்று கேட்கிறார்கள். பிறந்தால் போதுமா? இங்கேயே இருந்திருக்க வேண்டாமா? ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்களில் ஒருவருக்காவது பிளேக் உண்டா என்று கேட்கிறேன்.”

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி தலையாட்டினார். பிளேக்கோட கண்ணுக்குக் கயிறு தெரியுமாவே என்று அசன் மைதீன் முத்துமாலையின் காதில் கேட்டார். சிரிக்கிற நிலையில் முத்துமாலை இல்லை. வெளியாள் உள்ளே வந்தாயிற்றே, அவன் கண் வேதநாயகத்தின் பேரேட்டிலேயே இருந்தது. வேதநாயகமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஓடம் புறப்படும் முன் பிள்ளையிடம் ஓடிப்போய், விதிப்படி ஐயாவையும் பத்து நாள் வைக்க வேண்டிவருமோ என்று மெல்லக் கேட்டார்.

“என்னவே பேசுதீரு? நான் உள்ளூர்க்காரன்லா.”

“ஐயா, நானும் உள்ளூருதான்” என்றான் முத்துமாலை. அவன் கமிட்டியிடம் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான். ஓடம் போய்விட்டது. பிள்ளைக்கு எண்ணிக்கை இல்லை என்று முடிவானது. உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் ஐந்தை அடித்து ஒன்று போட்டார்கள். டின்னின் அடி சுரண்டப்பட்டது. சேலை நான்காம் முறை நனைந்தது.

இதற்குள் ஆடி பிறந்து அமாவாசை வந்தது. பாபநாசத்தில் முழுக்குப் போட்டுப் பிதிர்க்கடன் தீர்க்க ஜனம் வண்டி கட்டிக்கொண்டு போகும். மருதந்துறையிலிருந்து பதினெட்டு வண்டி போயின. முன்வண்டியில் பிள்ளை. ஆயிரக்கணக்கான பேர் கூடிக் குளித்து, கரையிலேயே சமைத்து, கரையிலேயே மற்றதும் செய்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பிய வண்டியை நிறுத்தி எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் எப்போதும் உள்ளூரிலேயே இருந்தவர்கள்.

நாலாம் நாள் கீழத்தெருவில் ஒருவருக்கு வாந்திபேதி. ஆறாம் நாள் அவரைத் தென்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மயானம் கொட்டகைக்குப் பக்கத்தில்தானே. அதன் பிறகு தினம் இரண்டு, தினம் மூன்று. முதல் பாடை வந்த அன்றே கப்பல் ஆள் இன்னொருவன் கயிற்றுக்குள் வந்து சேர்ந்திருந்தான், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, துணி முக்கத்தான் மருந்து இல்லை. கமிட்டி கயிற்றுக்குள் இருந்த ஐந்து பேரைக் காலையும் மாலையும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து பேரும் கயிற்றுக்கு வெளியே போகிற பாடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வேதநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. கமிட்டியைக் கூட்டச் சொன்னார். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, மருந்து வாங்கி எல்லாக் கிணற்றிலும் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டு போய் வாசித்தார். அங்கே நடந்ததை ஐயம்பெருமாள் கயிற்றோரம் குந்தி உட்கார்ந்து சொன்னான். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

“வாந்திபேதி நம்ம ஊரு வியாதிவே. எங்க அப்பாவைப் பெத்தவரு அதுலதான் போனாரு, பெரியப்பா அதுலதான் போனாரு. அதுகிட்டப் போயி பாஸ்போர்ட் கேக்கச் சொல்லுதீரா? அயலூரான் கொண்டாரதுக்குத்தான் கமிட்டி. நம்ம வியாதியையும் நாமளே தடுத்தா நாளைக்கு ஊரு நம்மளை என்னன்னு மதிக்கும்?”

மருந்து தீர்ந்துவிட்டது, தாலுகாவுக்கு எழுதினால் வரப் பதினைந்து நாளாகும். டின்னைத் தட்டியதில் ஒரு பிடி தேறியது. ஒரு கிணற்றுக்குத்தான் காணும். அது பிள்ளையின் வீட்டுக் கிணற்றில் போடப்பட்டது. தலைவரே விழுந்துவிட்டால் கமிட்டி என்னாகும் என்று மைத்துனர் ஒருவர் கேட்டாராம்.

முத்துமாலை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. விடிந்ததும் கரையில் போய் நின்றான். கோமு வந்தாள், குடத்தைத் தூக்கினாள். அவன் துண்டை வீசவில்லை. வேண்டாம், அந்தத் தண்ணியை மொள்ளாதே என்று இரு கையையும் ஆட்டிக் கத்தினான். ஆடிக் காற்று குரலைக் கொண்டுபோய்விட்டது. அப்பன் இன்றைக்கு இரண்டு கையாலும் கூப்பிடுகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் குடத்தை இன்னொரு தரம் உயரத் தூக்கிக் காட்டி, குனிந்து நிறைய மொண்டுகொண்டு போனாள்.

காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஐயம்பெருமாளிடம் சொல்லி அனுப்பினான். அன்னத்தாய் சரி என்றாளாம். ஊரெல்லாம் சுள்ளி நனைந்து கிடக்கிற காலம், சோற்றுக்கே அடுப்பு எரியவில்லை என்றும் சொன்னாளாம்.

இரண்டு நாள் குடம் உயர்ந்தது. மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள், குடம் எதுவும் உயரவில்லை. முத்துமாலை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். சூரியன் உச்சிக்கு வருகிறவரை அங்கேயே நின்றான். அப்புறம் வேதநாயகத்தின் காலில் விழுந்தான்.

“ஒரு நாழிகை போதும் ஐயா. எட்ட நின்னு மொகத்தைப் பாத்துட்டு வந்துருதேன்.”

வேதநாயகம் பேரேட்டைப் பார்த்தார். முத்துமாலைக்கு அன்று எட்டாம் நாள். இன்னும் இரண்டே நாள், இவ்வளவு நாள் பொறுத்தவன் இரண்டு நாள் பொறுக்கலாகாதா, இப்போது தாண்டினால் மறுபடி ஒன்று, அப்புறம் கல்யாணத்துக்கே போக முடியாமல் போய்விடும் என்று கெஞ்சினார். மனதாரத்தான் சொன்னார். முத்துமாலையும் மனதார நம்பினான். இடுப்பளவுக் கயிறு, ஒரு கால் தூக்கி வைத்தால் வெளியே. ஆனால் பன்னிரண்டு வருஷம் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்ட இடத்தில் நின்று பழகியவன். சீட்டோடு, ஒரு குறையும் இல்லாதவனாக மகளிடம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டான். பாவிப்பயல், நின்றுவிட்டான்.

மறுநாள் பிற்பகல் ஓடம் வந்தது. நான்கு பேர் பாடையை இறக்கினார்கள். முன்னால் வந்தவன் அன்னத்தாயின் மகன். ஆவணியில் மாப்பிள்ளையாக வேண்டியவன். அக்கரையில் ஒரு பெண் மணலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் காற்றை மீறி வந்தது.

முத்துமாலை உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துக்கொண்டு வந்தான். கயிற்றின் மேல் கை வைத்தான். வேதநாயகம் குறுக்கே வந்து நின்றார். சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

“இன்னைக்கு ஒன்பது. தொட்டா மறுபடி ஒண்ணுல இருந்துதான் முத்துமாலை.”

“எழுதிக்கிடுங்க ஐயா.”

அவன் கயிற்றைத் தாண்டினான். அசன் மைதீனும் பின்னால் தாண்டினார், அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாக வந்தவனும் தாண்டினார்கள். ஐயம்பெருமாள் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தான் முத்துமாலை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளின் முகத்தை அவன் பார்த்தது அப்போதுதான். வியாதியில் ஒடுங்கிப்போன முகம். ஆனாலும் ஆத்தா சாயல் அப்படியே இருந்தது. சேலையை விரித்துக் கழுத்திலிருந்து பாதம்வரை போர்த்தினான். நீளம் சரியாக இருந்தது. கடைக்காரனிடம் சொன்ன உயரம்தான். அதைக் கண்டதும்தான் அவனுக்கு அழுகை வந்தது. பெண்ணைப் போல வாய்விட்டு அழுதான்.

வேதநாயகம் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு என்று சொல்ல அதில் இப்போது ஒரு நூல்கூட இல்லை, முழுக்கப் பழுப்பு. நான்கு தரம் முக்கிய மருந்து. அவர் கையாலேயே அளந்து போட்டது. கீழத்தெருக் கிணற்றுக்கு எவ்வளவு காணும் என்று புத்தகத்தில் கணக்குப் படித்தவர் அவர். அது அவ்வளவும் இந்தப் பிள்ளையின் உடம்பின் மேல் கிடந்தது. கிணற்றில் கிடந்திருந்தால் இவள் ஆற்றுக்கு வந்திருக்கவே வேண்டாம். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மண் தள்ளும்போது அவரும் ஒரு பிடி தள்ளினார். அதன் பிறகு கொட்டகைக்கு வந்து, கை கழுவி, பேரேட்டைத் திறந்து ஒன்பதை அடித்து ஒன்று போட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் சீமையில் சண்டை மூண்டது. கப்பல் போக்குவரத்துத் தடுமாறியது. கொழும்பிலிருந்து ஆள் வருவது நின்றது. யாரும் வராததால் எண்ணிக்கை முதன்முறையாக இரண்டு, மூன்று என்று ஏறி, பத்தைத் தொட்டது. கல்யாணத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாக முத்துமாலை நோயற்றவன் என்று கமிட்டி சீட்டு எழுதிக் கொடுத்தது. அந்தக் கொட்டகையிலிருந்து சீட்டு வாங்கி வெளியே போனவர்களில் அவன்தான் முதல் ஆள் என்பதால் பிள்ளையே கையெழுத்துப் போட்டார். முத்துமாலை அதைக் கொண்டுபோய் அன்னத்தாயிடம் காட்டினான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்துத் தெரியாததால் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். சுவரோரம் பித்தளைக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் அதன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள், இங்கே இருந்து என்ன செய்ய என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

பிள்ளைக்கு அடுத்த வருஷம் பட்டம் வந்தது. வருஷ அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பிற காரணங்களால் மரணம் ஐம்பத்தொன்று என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அதன் அடியில் கோடு இல்லை.

கப்பலுக்குப் போகிற வழியில், இலங்கைக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைக்கிற முகாம் ஒன்றில் முத்துமாலையை இறக்கினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பாரத்தை விரித்து, எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு என்றான் முத்துமாலை.

போகிற ஊர் இல்லையப்பா, வருகிற ஊர் என்றார் குமாஸ்தா. அவன் மடியிலிருந்த சீட்டை எடுத்து வைத்தான். சீட்டின் தலைப்பை வாசித்ததும் குமாஸ்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். மருதந்துறையா, அங்கே காலரா ஆயிற்றே, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனைப் பத்து நாள் தனியாக வைக்கச் சொல்லி உத்தரவு என்றார். இதற்குள் புதிதாக யாராவது வந்து கலந்தால் நாள் கூடும் என்றும் எச்சரித்தார்.

முத்துமாலை பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் காட்டிய கொட்டகைப் பக்கம் திரும்பினான்.

“எத்தனை நாள்னாலும் வச்சுக்கிடுங்க ஐயா” என்றான். “எனக்கு இப்ப ஒரு அவசரமும் இல்ல.”